இணைக் கோப்பு முறைமைகளில் கோப்புகள் புலப்படாமை: கூடலூர் மழைமாதிரி ஒன்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மீத்திறன் கணினியில் எழுதி வைத்த கோப்பு பின்னர்ப் பட்டியலில் காணப்படாமற் போவதும், பெயர் மட்டும் தெரிந்து உள்ளடக்கம் திறவாமல் நிற்பதும் ஆய்வாளர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள். புலப்படாத கோப்பு அழிந்த கோப்பாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. கோப்பின் பெயர், உள்ளடக்கம், அதைக் காண முயலும் கணினி ஆகியவற்றுக்கு இடையே எங்கோ ஏற்பட்ட தடையாகவும் அது இருக்கலாம். தடை எங்குள்ளது என்று அறியுமுன் மேற்கொள்ளப்படும் அவசரச் செயலே தடையை இழப்பாக மாற்றிவிடுகிறது. லஸ்டர் கோப்பு முறைமையை அடிப்படையாகக் கொண்டு, காணாமற்போன கோப்புகளின் அமைவொழுங்கிலிருந்து தடையின் இடத்தை அறியும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகளுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றும் இதில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணைக் கோப்பு முறைமை, லஸ்டர், மீத்தரவு, கணினிக் கொத்து, யூனிகோடு, கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கு

முன்னுரை

கம்பம் பள்ளத்தாக்கின் தென்தலைமாட்டில் அமைந்த ஊர் கூடலூர். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். தென்மேற்குப் பருவக்காலத்தில் மலைமேலுள்ள குமுளி, தேக்கடிப் பகுதிகளில் கொட்டும் மழை, சில கிலோமீட்டர் கீழே இறங்குவதற்குள் மழைமறைவுப் பகுதிக்குரிய தூறலாகக் குறைந்துவிடுகிறது. அம்மழை முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கவழியாகக் கூடலூரை அடுத்த லோயர்கேம்ப்பில் இறங்கி, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களுக்கு முதலில் பாய்கிறது. ஆகவே மலையின் இப்புறமும் அப்புறமும் எவ்வளவு மழை பொழியும் என்னும் வினா இங்கு வேளாண் வினாவாகவும் இருக்கிறது.

இத்தகைய கூர்மையான மழை எல்லையைக் கணினி மாதிரியில் காட்ட வேண்டுமாயின் கட்டத்தின் அளவு ஒரு கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்க வேண்டும். மேசைக்கணினியில் அது இயலாது. தேசிய மீத்திறன் கணினி இயக்கம் 2015இல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் 838 டெராஃபிளாப்ஸ் திறன்கொண்ட ‘பரம் பொருள்’ கணினி திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வகைக் கணினிகளை நாடும் தமிழகப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுள் கணினித்துறை சாராதவர்களும் உள்ளனர். கணிப்பைச் சரியாக அமைக்கத் தெரிந்தவரும், அதன் விளைவுக் கோப்பு கண்ணுக்குத் தெரியாதபோது செய்வதறியாது திகைப்பதுண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 2018 ஆகஸ்ட் பெருமழையில் பெரியாறு அணையின் நீர்மட்டம் 142 அடியை எட்டியது. அக்காலத்தின் பத்து நாள் மழையை டபிள்யூஆர்எஃப் என்னும் வானிலை மாதிரியில் ஒருவர் மீளுருவாக்குகிறார். மணிக்கொரு முறை விளைவு எழுதப்படுகிறது. ஆக 240 பதிவுகள். கணிப்பு எட்டுக் கணுக்களில், கணுவுக்கு 32 வீதம், 256 செயல்முறைகளாக ஓடுகிறது. ஒவ்வொரு செயல்முறையும் தன் பங்கைத் தனிக்கோப்பாக எழுதும் தெரிவை அவர் மேற்கொண்டுள்ளார். முடிவில் இருக்கவேண்டிய கோப்புகள் 61,440. எண்ணிப் பார்க்கையில் குறைகின்றன. எங்கே போயின?

பெயர் ஓரிடம், பொருள் ஓரிடம்

சொந்தக் கணினியில் கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் ஒரே வட்டில் இருக்கும். இணைக் கோப்பு முறைமையின் அடிப்படையே இவ்விரண்டையும் பிரிப்பதுதான். கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1999இல் பீட்டர் பிராம் தொடங்கிய ஆய்வுத்திட்டத்திலிருந்து வளர்ந்து, 2003இல் முதற்பதிப்பாக வெளிவந்த லஸ்டரில், பெயர், உரிமையாளர், அனுமதி, கோப்புறை அமைப்பு ஆகியவற்றை மீத்தரவு வழங்கி காக்கிறது. உள்ளடக்கம் துண்டுகளாகச் சேமிப்பு வழங்கிகளின் கீழுள்ள சேமிப்பு இலக்குகளில் கிடக்கிறது. எந்தத் துண்டு எந்த இலக்கில் உள்ளது என்னும் வரைபடமும் பெயரோடு சேர்த்தே மீத்தரவில் எழுதப்பட்டிருக்கும். பயனரின் கணு முதலில் மீத்தரவு வழங்கியைக் கேட்டு வரைபடத்தைப் பெறுகிறது. பின்னர்ச் சேமிப்பு வழங்கிகளிடம் நேரே சென்று உள்ளடக்கத்தைப் பெறுகிறது. பல வழங்கிகள் ஒரே நேரத்தில் பரிமாறுவதால் வேகம் கிடைக்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை ஒன்றுண்டு. ‘கோப்பு இருக்கிறது’ என்பது இங்கே ஒற்றைக் கூற்றன்று. பெயர் இருந்து உள்ளடக்கம் எட்டாதிருக்கலாம். உள்ளடக்கம் இருந்து பெயர் எட்டாதிருக்கலாம். இரண்டும் நலமாயிருந்து, கேட்கும் கணுவுக்கு மட்டும் வழியடைந்திருக்கலாம். ‘கோப்பைக் காணவில்லை’ என்று பயனர் எழுதும் ஒற்றைவரி முறையீடு நிர்வாகிக்குப் பயன்படாமற் போவது இதனாலேயே.

காணாமற்போனவற்றின் அமைவொழுங்கு

குறைந்த கோப்புகள் எத்தனை என்பதைவிட, அவை எவை என்பது முதன்மையானது. எடுத்துக்காட்டிலுள்ள கணிப்பில் பூச்சியம் முதல் 255 வரையான செயல்முறை எண் கோப்புப் பெயரின் ஈற்றில் வரும். நாளும் மணியும் இடையில் வரும். ஆகவே பெயர்ப் பட்டியலே நோயறி கருவியாகிறது.

ஒரு குறிப்பிட்ட மணிக்குப் பின்னுள்ளவை எல்லாம் இல்லையெனில், கோப்பு முறைமையை ஐயுற வேண்டியதில்லை. கணிப்பு நின்றுவிட்டது, ஒதுக்கீட்டு அளவு நிரம்பியதோ, பணிக்கு வழங்கிய நேரம் முடிந்ததோ காரணமாகலாம். ஒதுக்கீடு என்பது இடத்துக்கு மட்டுமன்று, கோப்பு எண்ணிக்கைக்கும் விதிக்கப்படுவதுண்டு. அறுபதாயிரம் சிறுகோப்புகளை எழுதுபவர் இடம் மிச்சமிருக்கையிலேயே எண்ணிக்கை வரம்பில் முட்டி நிற்கக்கூடும்.

எல்லா மணிகளிலும் 96 முதல் 127 வரையான எண்கள் மட்டும் இல்லையெனில், அவை நான்காம் கணுவின் 32 செயல்முறைகள். அக்கணுவில் கோப்பு முறைமை ஏற்றப்படவில்லை என்பது முதல் ஐயமாக வேண்டும். ஏற்றப்படாத நிலையிலும், ஏற்றுவதற்கென வைத்த வெற்றுக் கோப்புறை அதே பெயரில் அக்கணுவில் இருக்கும். எழுத அனுமதியும் கோப்புறை வழியும் அமைந்துவிட்டால், செயல்முறை பிழையேதும் காட்டாமல் கணுவின் சொந்த இடத்தில் எழுதிக்கொண்டே போகும். பின்னர் நிர்வாகி கோப்பு முறைமையை ஏற்றும்போது, அது திரைபோல் வந்து பழைய கோப்புறையை மூடிவிடும். கோப்புகள் அழியவில்லை, திரைக்குப் பின்னே கிடக்கின்றன. நிர்வாகி வேர்க் கோப்புறையை வேறோர் இடத்தில் இணைத்துப் பார்த்தால் அவற்றை எடுத்துவிடலாம். ஆனால் பல கொத்துகளில் கணுக்களுக்கு வட்டு இல்லை. அவற்றின் சொந்த இடம் என்பது நினைவகமே. ‘எதற்கும் ஒருமுறை அணைத்துப் போடுவோம்’ என்று அக்கணுவை மறுதொடக்கம் செய்தால் அனைத்தும் போய்விடும். கோப்புறை உண்மையில் எதன்மேல் நிற்கிறது என்பதை ‘டிஎஃப்’ கட்டளையால் ஒரு நொடியில் அறியலாம்; ஒவ்வொரு கணுவிலும் தனித்தனியே அறியவேண்டும்.

மூன்றாம் அமைவொழுங்கு ஒழுங்கற்றதுபோல் தோன்றும். நாளிலும் எண்ணிலும் தொடர்பில்லாமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கோப்புகள் திறக்க மறுக்கும். சேமிப்பு இலக்குகள் 12 என்றும், ஒரு கோப்பு ஓர் இலக்கிலேயே வைக்கப்படுகிறது என்றும் கொண்டால், 61,440 கோப்புகள் ஏறத்தாழ 5,120 வீதம் பங்கிடப்படும். ஓர் இலக்கு செயலிழந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு கோப்புகள் பட்டியல் முழுவதிலும் சிதறலாகப் பாதிக்கப்படும். பழுதான கோப்புகள் சிலவற்றை ‘எல்எஃப்எஸ் கெட்ஸ்ட்ரைப்’ கட்டளைக்கு உட்படுத்தி, அவையனைத்தும் ஒரே இலக்கு எண்ணைக் காட்டுகின்றனவா எனப் பார்த்தால் ஐயம் தெளியும். ‘எல்எஃப்எஸ் டிஎஃப்’ கட்டளையின் விடையில் அவ்விலக்கு செயலற்றதெனக் குறிக்கப்பட்டிருக்கும். பெரிய கோப்புகளைப் பல இலக்குகளில் பரப்பி வைத்திருந்தால் நிலை வேறு: ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பகுதி எட்டாமற்போய், பாதிப்பின் பரப்பு பெருகும்.

ஒரு கோப்புறையும் அதற்குட்பட்டவையும் மட்டும் மொத்தமாக எட்டாவிடில், மீத்தரவு இலக்குகள் பலவாக உள்ள அமைப்பில் அவற்றுள் ஒன்று வீழ்ந்திருக்கலாம்.

பட்டியலிடும் கட்டளையின் மயக்கம்

சேமிப்பு இலக்கு ஒன்று பதிலளிக்காதபோது ‘எல்எஸ்’ கட்டளை உறைந்து நிற்பதைக் கண்ட பயனர் கோப்புறையே போய்விட்டதாகக் கருதுவதுண்டு. பெயர்ப் பட்டியலை மீத்தரவு வழங்கியே தந்துவிடும். ஆனால் கோப்பின் அளவை உறுதிசெய்யச் சேமிப்பு வழங்கியையும் கேட்க நேரும். நீள்பட்டியல் கேட்டால் இரண்டும் நிகழ்கின்றன. பல கொத்துகளில் ‘எல்எஸ்’ என்னும் சொல்லே வண்ணம் தீட்டும் தெரிவுடன் மாற்றுப்பெயராக அமைக்கப்பட்டுள்ளது. வண்ணம் தீட்டுவதற்காக ஒவ்வொரு கோப்பின் பண்புகளும் வினவப்படுகின்றன. மாற்றுப்பெயரைத் தவிர்த்து, முழுவழியுடன் வெறும் ‘எல்எஸ்’ இட்டால் பெயர்கள் உடனே வருமாயின், மீத்தரவு நலமாக உள்ளது, தடை சேமிப்பின் பக்கம் என்று முடிவு செய்யலாம். அளவும் நாளும் வரவேண்டிய இடத்தில் வினாக்குறிகள் வரிசையாக நிற்பதும் இதையொத்த செய்தியையே தருகிறது: பெயர் கிடைத்தது, பண்புகள் கிடைக்கவில்லை.

ஒரு கணுவில் தெரிந்து மறு கணுவில் தெரியாமை

இங்கே கோப்பு முறைமைகளிடையே வேறுபாடு உண்டு. லஸ்டரில் ஒரு கணு கோப்புறைப் பட்டியலைத் தன் பதுக்கு நினைவகத்தில் வைத்துக்கொள்ளும்போது அதற்கான பூட்டையும் பெறுகிறது. வேறொரு கணு அங்கே புதுக்கோப்பு படைத்தால் மீத்தரவு வழங்கி அப்பூட்டைத் திரும்பப் பெறும். பழைய பட்டியல் செல்லாததாகிவிடும். எனவே நலமாயியங்கும் லஸ்டரில் இரு கணுக்கள் இருவேறு பட்டியலைக் காட்டலாகாது. காட்டினால், ஒரு கணுவில் ஏற்றமே இல்லை, அல்லது அக்கணு லஸ்டரை நேரே காணவில்லை என்பதே பெரும்பாலும் விடை.

பின்னதற்கு எடுத்துக்காட்டு என்எஃப்எஸ் வழி மறு ஏற்றுமதி. துறையின் மேசைக்கணினிகளுக்கு லஸ்டரை என்எஃப்எஸ் வழியாகக் காட்டும் வழக்கம் உண்டு. என்எஃப்எஸ் பண்புகளை ஒரு கால அளவுக்குப் பதுக்கிவைக்கும். லினக்சில் கோப்புறைக்கு இயல்பான கால அளவு 30 நொடி முதல் 60 நொடி வரை. ‘அப்பெயரில் கோப்பு இல்லை’ என்ற விடையையும் அது நினைவில் கொள்ளும் என்பது பலரும் அறியாதது. கோப்பு வருமுன்பே அதைத் தேடத் தொடங்கிய நிரல், கோப்பு வந்தபின்னும் சிறிது நேரம் ‘இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் பொறுத்தால் தீர்வது இது. அந்த ஒரு நிமிடத்தில் கணிப்பை மீண்டும் தொடங்குபவரே துன்பத்தைத் தேடிக்கொள்கிறார்: அதே பெயரில் எழுதும் நிரல் பழைய கோப்பைச் சுழியமாக்கியே தொடங்கும்.

கோப்பு தெரிந்து அளவு சுழியமாக இருப்பது இதனின்று வேறானது. எழுதும் நிரல் தன் இடையகத்திலிருந்து இன்னும் வெளியிடவில்லை என்பதே பொதுக்காரணம். எம்பிஐ உள்ளீட்டு–வெளியீட்டு விதிப்படி, ஒரு செயல்முறை எழுதியது மற்றொன்றுக்குத் தெரிய, எழுதியவர் ஒத்திசைவு செய்து, இருவரும் தடுப்பைக் கடந்து, படிப்பவரும் ஒத்திசைவு செய்ய வேண்டும். லஸ்டரில் தானே சரியாகும் நிரல், வேறு கோப்பு முறைமைக்கு மாற்றப்பட்டதும் தடுமாறுவதன் காரணம் பெரும்பாலும் இவ்விதியைப் புறக்கணித்ததே.

அனுமதி சார்ந்த மறைவு

ஆய்வுக்குழுவில் புதிதாகச் சேர்க்கப்பட்ட மாணவர் தம் கணுவில் அடையாளத்தைச் சோதித்தால் குழுப்பெயர் தெரிகிறது. ஆயினும் குழுவின் கோப்புறை திறக்கவில்லை. லஸ்டரில் துணைக்குழு உறுப்புரிமையை மீத்தரவு வழங்கி தானே சரிபார்ப்பதுண்டு. பயனர் பட்டியலின் பழைய நகலை அது வைத்திருந்தால், கணு ஒன்று சொல்ல, வழங்கி வேறொன்று சொல்லும். பயனரால் இதைத் திருத்த இயலாது. நிர்வாகி அடையாளப் பதுக்கத்தைத் துடைக்க வேண்டும். அனைவருக்கும் திறந்துவிடும் அனுமதி மாற்றத்தை இதற்கு மருந்தாகப் பரிந்துரைப்பது தீய வழக்கம். மறைவு நீங்கும், பாதுகாப்பும் நீங்கும்.

தமிழ்ப் பெயர்களின் சிக்கல்

மழைமாதிரி ஆய்வாளர் கூடலூர், போடி, கம்பம், உத்தமபாளையம் ஆகிய ஊர்களின் மழைத்தொகுப்பை ஊர்ப்பெயரிட்ட கோப்புகளில் வைக்கிறார் எனக் கொள்வோம். தம் மடிக்கணினியிலிருந்து அவற்றைக் கொத்துக்கு ஏற்றியபின், நிரல் ‘கூடலூர்’ கோப்பைத் திறக்கிறது. ‘போடி’ இல்லை என்கிறது. பட்டியலிட்டால் ‘போடி’ கண்முன் நிற்கிறது. கோப்பு முறைமையின் மேல் பழிபோடத் தூண்டும் காட்சி இது. பழி யூனிகோடு வடிவத்தின் பக்கம் உள்ளது.

ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம்; ஏகாரக் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. முதல் முறையில் ‘போடி’ நான்கு குறிகள், யூடிஎஃப்-8இல் 12 பைட்டுகள். இரண்டாம் முறையில் ஐந்து குறிகள், 15 பைட்டுகள். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் ‘ஔ’ என்னும் உயிருக்கும் இந்நிலை உண்டு. ‘கூடலூர்’ என்னும் சொல்லில் அத்தகைய குறி எதுவும் இல்லாமையால் அது தப்பியது. லஸ்டருக்குப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை மட்டுமே. பைட்டு மாறினால் பெயர் மாறியது. மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் இரு வடிவங்களையும் ஒன்றாகக் கருதித் தேடித்தரும். அதனால் மடிக்கணினியில் ஒருபோதும் வெளிப்படாத வேறுபாடு, கொத்தில் ஏறியவுடன் வெளிப்படுகிறது. பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் கொம்பையும் காலையும் தனித்தனியே விட்டுவிடுவதும் இவ்விளைவைத் தரும்.

பெயரின் பைட்டுகளை ‘ஓடி’ கட்டளையால் அச்சிட்டு ஒப்பிட்டால் இது ஐயமின்றித் தெரியும். ‘கன்வ்எம்வி’ போன்ற கருவியால் அனைத்தையும் இணைந்த வடிவத்துக்கு மாற்றலாம். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டச்சுச் செய்யும் பிழையை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. அவை யூனிகோடில் வெவ்வேறு எழுத்துகள். கையால்தான் திருத்த வேண்டும்.

நீளத்திலும் தமிழ்ப் பெயர் விரைவில் எல்லையைத் தொடுகிறது. பெயரின் வரம்பு 255 பைட்டு. தமிழ்க்குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு வீதம் 85 குறிகளே இடம்பெறும், உயிர்மெய் பலவும் இரு குறிகள் கொண்டவை. ஆய்வேட்டுத் தலைப்பை முழுமையாகக் கோப்புப்பெயராக வைக்கும் வழக்கமுடையோர் படியெடுக்கும்போது அக்கோப்பு மட்டும் விடுபடும். பிழைச்செய்தி ஆயிரம் வரிகளுக்கிடையே ஓடிமறையும். டபிள்யூஆர்எஃப் கோப்புகளின் பெயரில் மணியைக் குறிக்கும் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காததும் இவ்வகையே. அம்மாதிரியின் அமைப்புக் கோப்பில் முக்காற்புள்ளி தவிர்க்கும் தெரிவு உண்டு.

உண்மையில் அழிந்தவை

மறைவெல்லாம் மீளும் என்று கொள்வதும் தவறு. தற்காலிகப் பணியிடத்தில் குறித்த நாட்களுக்கு மேற்பட்ட கோப்புகள் தாமாக நீக்கப்படும் விதி பல நிறுவனங்களில் உள்ளது. விதி திருத்த நாளை அளவுகோலாகக் கொண்டதாயின் ஒரு பொறி உண்டு: தொகுப்பிலிருந்து விரித்தெடுத்த கோப்புகள் தம் பழைய நாளையே தாங்கிவரும். 2018ஆம் ஆண்டின் தரவை நேற்று விரித்தவருக்கு அது ஒருநாள் வயதுடையது. நீக்கும் நிரலுக்குப் பல்லாண்டு வயதுடையது.

கியோட்டோ பல்கலைக்கழக மீத்திறன் கணினியில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை நிகழ்ந்தது இதனினும் கடுமையானது. பழைய பதிவேடுகளை நீக்கவேண்டிய காப்புநகல் நிரலை, அது ஓடிக்கொண்டிருக்கையிலேயே திருத்திய பதிப்பால் மேலெழுதினர். மதிப்பு வரையறுக்கப்படாத மாறியுடன் நீக்கக் கட்டளை இயங்கி, பயனர் கோப்புகளையே துடைத்தது. ஏறத்தாழ 77 டெராபைட்டு, 3.4 கோடிக் கோப்புகள், 14 ஆய்வுக்குழுக்கள். அவற்றுள் நான்கு குழுக்களின் தரவைக் காப்புநகலிலிருந்து மீட்க இயலவில்லை. வட்டோ வழங்கியோ பழுதாகாமலே இத்தனையும் நிகழ்ந்தன.

மீட்புச் சாளரமும் முறையீடும்

வழங்கி வீழ்ந்து மீண்டெழும்போது, கணுக்கள் மறுபடி இணைந்து, வட்டில் இன்னும் பதியாத தம் கோரிக்கைகளை நினைவகத்திலிருந்து மீள அனுப்புகின்றன. இம்மீட்புச் சாளரத்தில் அனைத்தும் உறைந்ததுபோல் காணப்படும். அந்நேரத்தில் கணுவை அணைப்பது, மீள அனுப்பவேண்டியதை எரிப்பதற்கு ஒப்பாகும். உரிய காலத்தில் பதிலளிக்காத கணுவை வழங்கி வெளியேற்றினால், அக்கணுவில் எழுதாமல் எஞ்சியவையும் கைவிடப்படும். வெளியேற்றச் செய்தி கணுவின் அமைப்புப் பதிவில் நேரத்துடன் இருக்கும். பெயரிழந்து நிற்கும் உள்ளடக்கத் துண்டுகளை எல்எஃப்எஸ்சிகே ஆய்வு தேடித் தனிக் கோப்புறையில் சேர்க்க வல்லது. அதை இயக்குவது நிர்வாகியின் பணி. அதற்குமுன் பயனர் அங்கே புதிதாக எதையும் எழுதாதிருத்தல் வேண்டும்.

நிர்வாகிக்கு அனுப்பும் முறையீட்டில் இடம்பெற வேண்டியவை சிலவே: கோப்பின் முழுவழி, அதைக் கடைசியாகக் கண்ட நேரமும் கணுவும், காண இயலாத நேரமும் கணுவும், பிழைச்செய்தியின் சொற்கள் உள்ளவாறே, பணியின் எண், தெரியும் பிற கோப்பு ஒன்றன் பெயர். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகின்றனர். தெரியாத கோப்பையும் அதனருகே தெரியும் கோப்பையும் ஒப்பிட்டுத்தான் நிர்வாகி தம் தேடலைத் தொடங்குகிறார்.